குளிர்ந்த நீரும் நாதசுரமும்

சுமதி அக்கா, காலை 6.40
மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்த அப்பு, முன்கையை நீட்டி, "இறகு பிடுங்கிய கோழியைப் போல ஆகிவிட்டதே, ஏன்?" என்று கேட்கிறான். படம் அனுப்பியிருக்கிறேன். குளிர்தான் காரணம் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. சித்தப்பா, விலங்கியல் ஆசிரியராக இருந்த நீங்கள்தான் விளக்க வேண்டும்.

சித்தப்பா, 6.52
ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு முடி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கச் சொல். முடியின் வேர்ப்பையோடு ஒரு நுண்ணிய தசை சாய்வாக ஒட்டியிருக்கிறது. குளிர் பட்டதும், நம் விருப்பத்தைக் கேளாமல் தானாக இயங்கும் பரிவு நரம்பு, நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க, அத்தசை சுருங்கி முடியை நிமிர்த்துகிறது, சுற்றியுள்ள தோல் புடைக்கிறது. உள்ளங்கையில் முடி இல்லை, ஆகவே அங்கே புல்லரிக்காது.

சுமதி அக்கா, 6.55
உள்ளங்கையையும் பார்த்துவிட்டான். முடி நிமிர்ந்து என்ன பயன் என்பது அடுத்த கேள்வி.

சித்தப்பா, 7.03
அடர்ந்த உரோமமுள்ள விலங்குகளில் அது நிமிரும்போது காற்று இடையில் சிக்கிக்கொண்டு உடல் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. நாயைக் கண்ட பூனை இரு மடங்காகத் தெரிவதும் இதே தசையின் வேலைதான். நமக்கு உரோமம் குறைந்துவிட்டது. தசை மட்டும் தங்கிவிட்டது.

அத்தை, 7.10
தம்பி, ஆவணியில் நம் வீட்டுத் திருமணத்தில் நாதசுரம் உச்சத்திற்குப் போனபோது எனக்கு மெய்சிலிர்த்ததே! மண்டப நெரிசலில் புடவை வியர்வையில் நனைந்திருந்தது. அங்கே குளிர் எங்கிருந்து வந்தது?

சித்தப்பா, 7.21
அக்கா, அந்த நரம்பு குளிருக்கு மட்டுமன்றி அச்சம், வியப்பு, பரவசம் ஆகியவற்றுக்கும் விழித்துக்கொள்கிறது. மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011இல், தாங்களே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டுச் சிலிர்த்தவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, சிலிர்ப்பின் உச்சத்தில் மட்டுமன்றி, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும் கணங்களிலும், மகிழ்ச்சியோடு தொடர்புள்ள டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரப்பதைக் கண்டார்கள். அடுத்த பிடி எங்கே போகும் என்று உங்கள் காது முன்கூட்டியே அறிந்திருந்தது. பாதிச் சிலிர்ப்பு அந்த எதிர்பார்ப்பில்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. புல்லரிப்பு பழைய காலத்தின் பயனற்ற மிச்சம் என்றே நான் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். 2020இல் ஹார்வர்டு, தைவான் ஆய்வாளர்கள் எலிகளை ஆராய்ந்தபோது, அதே நரம்பு முடியை வளர்க்கும் மூல உயிரணுக்களையும் தொட்டுக்கொண்டிருப்பதும், குளிர் நீடித்தால் புதிய முடி முளைக்கத் தூண்டுவதும் தெரிந்தது. தசையை அகற்றினால் அந்தத் தொடர்பே அறுந்துபோகிறது.

மாமா, 7.24
மாப்பிள்ளை, அப்படியானால் என் வழுக்கையில் நாள்தோறும் குளிர்ந்த நீரை ஊற்றலாமா?

சித்தப்பா, 7.25
அத்தான், அது எலியில் கண்டது. உங்களுக்குச் சளிதான் பிடிக்கும்.

சுமதி அக்கா, 7.31
துவட்டியதும் புள்ளிகள் மறைந்துவிட்டன. அவற்றை மறுபடி வரவழைக்க அப்பு தொட்டியை நோக்கி ஓடுகிறான். நான் பிறகு வருகிறேன்.