உள்ளங்காலில் ஒரு குழி: யோங்சுவான் ஒன்றா, மூன்றா?

மாடிவீட்டுக் காற்று:
மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தைச்சி வகுப்புக்குப் போகிறேன், மெதுவாக அசைந்து செய்யும் சீனத் தற்காப்புக் கலை. ஆசிரியர் வாயைத் திறந்தால் யோங்சுவான்தான். கால் விரல்களைக் கீழே மடக்கினால் உள்ளங்காலில் முன்பக்கமாக ஒரு குழி விழுமே, அந்த இடம். சீனத்தில் 'பொங்கும் ஊற்று' என்று பொருளாம். வேர் அங்கேதான் பிடிக்கிறது, அங்கே அழுத்து என்கிறார். போன மாதம் தூக்கம் வரவில்லை என்று அக்குபங்சர் பார்க்கப் போனேன். அவரும் அதே இடத்தை அழுத்தி, தலைக்கு ஏறிய சூட்டை இது கீழே இறக்கும் என்றார். தாவோயிசம் என்ற பழைய சீனத் தத்துவம் படிக்கும் நண்பனோ பூமியின் சக்தி அது வழியாகத்தான் மேலே ஏறுகிறது என்று சத்தியம் செய்கிறான். ஒருவர் இறக்குகிறார், ஒருவர் ஏற்றுகிறார், ஒருவர் நட்டு வைக்கிறார். இருப்பது என் ஒரே கால். இது ஒரே சமாச்சாரமா, ஒரே பெயரில் ஓடும் மூன்று சமாச்சாரமா?

ஊசிமுனை:
ஒரே சமாச்சாரம்தான். உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பன்னிரண்டு பாதைகளில் ஒன்று சிறுநீரகப் பாதை, அதன் முதல் புள்ளி யோங்சுவான். ஒவ்வொரு பாதையிலும் 'கிணறு' என்று ஒரு புள்ளி உண்டு. மற்ற பதினொரு பாதைகளுக்கும் அது கை, கால் விரல் நுனியில் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு மட்டும் உள்ளங்காலில். சீன மருத்துவத்தில் சிறுநீரகம் நீர், இதயம் நெருப்பு. நெருப்பு மேலேயே நின்றுவிட்டால் தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை, வாய்ப்புண். உடம்பிலேயே தாழ்வான புள்ளியைத் தொட்டு அதைக் கீழே இழுக்கிறோம். மயங்கி விழுந்தவரை எழுப்பும் 'ஒன்பது ஊசி' பட்டியலிலும் யோங்சுவான் இருக்கிறது. சக்தி கீழே வந்தால்தான் வேர் பிடிக்கும், வேர் பிடித்தால்தான் மேலே ஏறும். உங்கள் மூன்று பேரும் ஒரே சுற்றின் மூன்று இடங்களைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

முட்டிவலி டாக்டர்:
பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நான் பிசியோதெரபிஸ்ட். மயங்கியவர் எழுவதற்குச் சிறுநீரகப் பாதை வேண்டாம், ஊசி சார். உள்ளங்கால் தோல் அவ்வளவு கூர்மையான இடம். அங்கே ஊசி குத்தினால் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் கத்திக்கொண்டு எழுவார். நரம்பு மருத்துவர்கள் மூளையின் நிலையைப் பார்க்க உள்ளங்காலைத்தான் கீறுகிறார்கள். பாபின்ஸ்கி என்ற நரம்பு மருத்துவர் அதை எழுதியது 1896இல். குதிகாலிலிருந்து வெளி ஓரமாகக் கீறினால் பெருவிரல் மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்ப்பது. அதில் எந்த ஊற்றும் பொங்கவில்லை.

பழைய ஏடு:
இருவரும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். உள்ளங்காலில் ஊசி போட்டதற்கு நல்ல பழைய சாட்சி சீமா சியான் எழுதிய ஷிஜி என்ற சீன வரலாற்று நூல். அதில் சுன்யூ யி என்ற மருத்துவர், கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்காரர், தான் பார்த்த நோயாளிகளைப் பற்றிப் பேரரசருக்குக் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஜிபெய் அரசரின் செவிலித்தாய் கால் எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது என்கிறாள். இவர் ஒவ்வொரு உள்ளங்காலிலும் மூன்று இடத்தில் ஊசி போட்டு, ரத்தம் வராமல் அழுத்திப் பிடிக்கிறார். உடனே சரியாகிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? மூக்கு முட்டக் குடித்தது.

கவனியுங்கள்: மூன்று இடம். யோங்சுவான் என்ற பெயரே அங்கே இல்லை.

இன்னொன்று. சீனாவின் மாவாங்துய் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டு 1973இல் தோண்டப்பட்டது. அதில் கிடைத்த பட்டுச்சுவடிகளில் பாதைகள் பதினொன்றுதான். புள்ளிகளுக்குப் பெயர் கிடையாது. இன்று சிறுநீரகப் பாதை என்கிறோமே, அது அங்கே உள்கணுக்காலிலிருந்து புறப்படுகிறது, உள்ளங்காலிலிருந்து அல்ல. பிறகு வந்த லிங்ஷூ என்ற மருத்துவ நூல்தான் "சிறுநீரகம் யோங்சுவானிலிருந்து வெளிப்படுகிறது, அதாவது உள்ளங்கால் நடு" என்று சொல்கிறது. ஆக, இடம் முதலில், பெயர் அப்புறம், பாதையின் தலைவாசலாக ஆனது அதற்கும் அப்புறம்.

ஊசிமுனை:
ஏடு ஐயா, ஒரு ஊருக்குப் பேருந்து நிலையம் பிந்தி வந்தது என்பதால் ஊர் பொய்யாகிவிடுமா? இரண்டாயிரம் வருஷம் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் இடம் துல்லியமானது. இரண்டாம், மூன்றாம் விரல்களின் இடுக்கிலிருந்து குதிகால் வரை கோடு போட்டு, முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் 361 புள்ளிகளுக்கு இட வரையறை வெளியிட்டபோது இதுவும் அதில் இருந்தது.

முட்டிவலி டாக்டர்:
இடத்தை வரையறுத்தால் வேலை நிரூபணம் ஆகிவிடாது. ஜெர்மனியில் 1162 பேரை வைத்து முதுகுவலிக்கு ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2007இல் வெளியானது. முறையான புள்ளியில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்தியவர்களில் 44.2.

ஊசிமுனை:
மூன்றாவது எண்ணை ஏன் விழுங்கினீர்கள்? அதே ஆய்வில் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 27.4. உங்கள் தொழிலும் அந்தக் கணக்கில் வருகிறது, டாக்டர்.

முட்டிவலி டாக்டர்:
வருகிறது, மறைக்கவில்லை. ஊசி ஏதோ செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வரைபடம்தான் எதுவும் செய்யவில்லை. நாம் பேசுவது வரைபடத்தைப் பற்றி.

காஞ்சிக்காரன்:
இதெல்லாம் நம்ம போதிதருமர் கொண்டுபோய்க் கொடுத்தது. வர்மத்தில் 'உள்ளங்கால் வெள்ளை' என்று ஒரு புள்ளி இருக்கிறது. பெயரை மாற்றி நமக்கே திருப்பி விற்கிறார்கள்.

பழைய ஏடு:
தம்பி, போதிதருமர் சீனா போனதாகச் சொல்வது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டில். ஷிஜி அதற்கு அறுநூறு வருஷம் முந்தியது. உள்ளங்காலைக் கவனித்தவர்கள் இங்கேயும் உண்டுதான். சுசுருதர் சொல்லும் 107 மர்மங்களில், அதாவது உயிர்நிலை இடங்களில், 'தலஹ்ருதயம்' இருக்கிறது, உள்ளங்கால் நடுவே. ஆனால் அது அடிபடக் கூடாத இடம் என்ற எச்சரிக்கை. வலியாலேயே சாவு வரும் என்கிறார். நடக்கிற எவனுக்கும் உள்ளங்கால் முக்கியம் என்று தெரியும், அதற்கு யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டாம்.

ஒற்றைக்கால் கொக்கு:
சண்டைக்காரன் பக்கத்தை யாரும் பேசவில்லை என்பதால் வருகிறேன். இருபது வருஷம் தைச்சி. முதலில் ஒரு குப்பையைத் தள்ளிவிடுகிறேன். சீனத்தில் '36 சாவுப் புள்ளிகள்' என்று பட்டியல்கள் உலவுகின்றன. யோங்சுவானும் அதில் உண்டு. நின்று சண்டை போடுகிறவனின் உள்ளங்காலில் எப்படி அடிப்பது? "ஐயா, கொஞ்சம் காலைத் தூக்குங்கள்" என்று கேட்டுவிட்டா?

இனி நிஜமான விஷயம். தைச்சியின் பழைய பாடத்தில், வேர் பாதத்தில், விசை காலில் கிளம்பி, இடுப்பு ஆண்டு, விரலில் வெளிப்படும் என்று வருகிறது. அங்கே பாதம்தான், புள்ளியின் பெயர் இல்லை. ஆனால் வகுப்பில் எல்லோரும் யோங்சுவான் என்றுதான் சொல்வோம், அந்தச் சொல் கைக்கு வாகாக இருப்பதால்.

முட்டிவலி டாக்டர்:
கொக்கு அண்ணே, அந்தச் சொல்லே தப்பான இடத்தைக் காட்டுகிறதே. நேராக நிற்கும்போது உடம்பின் பாரக்கோடு கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், பாதத்தின் நடுப்பகுதியில் விழுகிறது. யோங்சுவான் அதற்கும் முன்னால். அங்கே எடையை வைத்தால் கெண்டைச்சதை இறுகும், முட்டி முன்னால் தள்ளும். வாரத்துக்கு ஒருவராவது அப்படி நின்று நின்று என்னிடம் வருகிறார்கள்.

ஒற்றைக்கால் கொக்கு:
யார் எடையை வைக்கச் சொன்னது? தைச்சியின் சென் பாணியில் விரல்கள் தரையைப் பற்ற வேண்டும், யோங்சுவான் காலியாக இருக்க வேண்டும் என்பது பாடம். என் ஆசிரியர் குழிக்குக் கீழே ஒரு புளியங்கொட்டையை வைத்து நிற்க வைப்பார். கொட்டை அழுந்தினால் திட்டு. கொட்டை இருப்பதே மறந்துபோனாலும் திட்டு. அரைமணி நேரம் அப்படி நின்று பாருங்கள், விரல், பாதத்தின் வெளி ஓரம், குதிகால் மூன்றும் வேலை செய்யும், நடுவில் குடை விரிந்த மாதிரி இருக்கும். யாராவது தோளில் தள்ளினால் அந்தக் குடைதான் முதலில் அசையும். ஊசி சார் சொல்லும் ஊற்று எனக்குத் தெரியாது. எனக்கு அது கவனத்தை வைக்கிற இடம்.

முட்டிவலி டாக்டர்:
இது நியாயம். பாத வளைவைப் பிடிக்கச் சொல்ல நாங்கள் கொடுக்கும் பயிற்சியும் கிட்டத்தட்ட இதேதான், புளியங்கொட்டை மட்டும் கிடையாது.

மாடிவீட்டுக் காற்று:
அப்போ என் ஆசிரியர் 'அழுத்து' என்கிறார், கொக்கு அண்ணன் 'காலியாக விடு' என்கிறார். மூன்று என்று நினைத்தேன், நான்காகிவிட்டது. தாவோ பக்கம்?

பழைய ஏடு:
உங்கள் நண்பர் சுவாங்சி என்ற பழைய தாவோ நூலைக் காட்டியிருப்பார். "மெய்மனிதன் குதிகாலால் மூச்சு விடுகிறான், மற்றவர்கள் தொண்டையால்" என்ற வரி. அதில் இருப்பது குதிகால், யோங்சுவான் அல்ல. ஆழ்ந்த மூச்சைச் சொல்ல வந்த வரியின் மேல் பிற்காலத்தில் புள்ளியை ஏற்றி வாசிக்கிறார்கள். உள்ரசவாதம் என்பது சக்தியை உடம்புக்குள்ளேயே சுற்றவிடும் தாவோ பயிற்சி; அதில் பேர்போன சிறு சுற்று முதுகில் ஏறி முன்பக்கம் இறங்குவது. அது காலுக்கு வருவதே இல்லை. காலையும் சேர்ப்பது பெரிய சுற்று.

எனக்குப் பிடித்த சாட்சி கவிஞர் சூ டோங்போ (1037-1101). நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தன் இரவுப் பயிற்சியை அப்படியே விவரிக்கிறார். நள்ளிரவுக்குப் பின் போர்வையோடு எழுந்து, கிழக்கோ தெற்கோ பார்த்துச் சம்மணம் போட்டு, பல்லை 36 முறை தட்டி, மூச்சை அடக்கி, பிறகு இரண்டு உள்ளங்கால்களையும் சூடு ஏறும் வரை தேய்ப்பது. தொப்புளுக்குக் கீழேயும் இடுப்பு முதுகிலும் அதே மாதிரி. கடைசியில் நூற்றுச் சொச்சம் முறை தலை சீவிவிட்டுப் படுத்தால் விடியும் வரை தூக்கம். யோங்சுவான் உச்சந்தலை வரை போகிறது என்று சொல்கிறார். முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, நூறு நாள் தாண்டினால் பலன் சொல்லி முடியாது என்றும் எழுதுகிறார். மருத்துவமா தாவோவா என்று அவர் பிரிக்கவே இல்லை. ஊசி சார் சொல்லும் 'ஒரே சமாச்சாரம்' இங்கே மட்டும் கொஞ்சம் உண்மை.

ஊசிமுனை:
கொஞ்சமாவது கொடுத்தீர்களே. பழைய சீன மருத்துவர் லி ஷிசெனும் என் கட்சிதான். மூக்கில் ஒரு பகல் ஒரு இரவு ரத்தம் நிற்காத பெண்ணுக்கு அரைத்த பூண்டை உள்ளங்காலில் வைத்து நிறுத்தியதாகத் தன் மூலிகை நூலில் எழுதியிருக்கிறார். இன்றும் சீனாவில் குழந்தைகளுக்கு வாய்ப்புண் என்றால் வூசூயூ என்ற மூலிகையின் பொடியை வினிகரில் குழைத்து உள்ளங்காலில் கட்டுகிறார்கள். மேலே நோய், கீழே மருந்து.

முட்டிவலி டாக்டர்:
மூக்கு ரத்தம் ஒரு நாள் ஓடினால் அதுவாகவும் நிற்கும் சார். அதை விடுங்கள். பச்சைப் பூண்டைத் தோலில் மணிக்கணக்கில் கட்டினால் கொப்புளம் வரும், தீக்காயம் மாதிரி. படிக்கிறவர்கள் யாரும் குழந்தைக்குச் செய்துவிடாதீர்கள்.

ஒரு கதை சொல்கிறேன். என் மாமாவுக்குப் பதினைந்து வருஷச் சர்க்கரை. கால் மரத்துப் போகிறது என்று ஒரு இடத்தில் மோக்ஸா போட்டார்கள், யோங்சுவானில். காய்ந்த மாசிபத்திரி மாதிரி ஒரு இலையைச் சுருட்டிப் பற்றவைத்துக் காட்டுவது. "சூடு தெரிகிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லை" என்றிருக்கிறார். இன்னும் கிட்டே கொண்டுபோயிருக்கிறார்கள். மறுநாள் செருப்பைக் கழற்றும்போதுதான் அத்தை பார்த்தாள், எட்டணா அளவுக்கு வெந்த புண். ஆற ஐந்து மாதம். தினமும் கட்டு மாற்றியது நான்தான். அதனால்தான் எனக்கு இந்தப் புள்ளியைப் பற்றிப் பேசும்போது குரல் ஏறுகிறது.

ஊசிமுனை:
இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. நோயாளிக்குச் சூடு தெரியவில்லை என்றால் கையை எடுக்க வேண்டும், கிட்டே போகக் கூடாது. நான் மோக்ஸா காட்டும்போது என் இரண்டு விரலைப் புள்ளியின் இரண்டு பக்கமும் வைத்துக்கொள்வேன், என் விரலுக்குச் சுட்டால் போதும். சர்க்கரைக்காரர் காலில் சூடு வைப்பதே இல்லை. அந்த ஆளுக்குப் படிப்பு போதாது. ஆனால் அது யோங்சுவானின் குற்றம் அல்ல.

முட்டிவலி டாக்டர்:
"சிறுநீரகச் சூடு குறைந்ததால்தான் மரத்துப் போகிறது, சூடு ஏற்றினால் சரியாகும்" என்று மாமாவிடம் சொன்னது உங்கள் கோட்பாடுதான் சார். ஆளின் கையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஒற்றைக்கால் கொக்கு:
ஊசி சார் இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கட்டும். காற்று தம்பி, உங்கள் ஆசிரியரிடம் அடுத்த ஞாயிறு கேளுங்கள்: அழுத்தவா, காலியாக விடவா? அவர் பதிலைவிட, பதில் சொல்லும்போது அவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள்.

மாடிவீட்டுக் காற்று:
கேட்கிறேன் அண்ணே. நேற்று ராத்திரி சூ டோங்போ முறையைச் செய்து பார்த்தேன். பூண்டும் இல்லை, நெருப்பும் இல்லை, டாக்டர் பயப்பட வேண்டாம். பல்லை 36 தடவை தட்டினேன், பன்னிரண்டாவதிலேயே மனைவி எழுந்து எலியா என்று கேட்டாள். உள்ளங்காலை எண்பது தடவை தேய்த்த பிறகு இடது கால் மட்டும் சூடானது. தலை சீவுவதை விட்டுவிட்டேன், சீவ அவ்வளவு இல்லை. தூக்கம் மூன்று மணிக்கு வந்தது. இன்னும் 99 நாள் இருக்கிறது.