டெபியன் 12: என்விடியா டிரைவரைத் தூக்கிவிடுவதா, வைத்துச் சரிசெய்வதா?

முத்து3டி
டெபியன் 12 லினக்ஸ், என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. கணினியின் தொடக்க அமைப்புகளைக் காக்கும் பயாஸ் பேட்டரி தீர்ந்துபோய் நேற்றுதான் மாற்றினேன். அதிலிருந்து திரை 1024×768-இலேயே நிற்கிறது, 3டி மென்பொருளான பிளெண்டரில் கார்டே தெரியவில்லை. டிரைவரை இரண்டு முறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு அனிமேஷன் கொடுத்தாக வேண்டும்.

கட்டற்றவன்
அதைத் தூக்கிவிட்டு திறந்த மூல டிரைவரான நூவோவுக்கு வாங்க. மூலநிரல் தெரியாத ஒன்றை இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் விட்டால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பயந்துகொண்டுதான் இருக்கணும். 2012-இல் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

பூட்லாக்
நூவோவை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 1060 வைத்திருப்பவருக்கு அதைச் சொல்லாதீர்கள். ஜிடிஎக்ஸ் 970 காலத்திலிருந்து, கார்டின் வேகத்தைக் கூட்ட என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் நிரல்) தேவை. நூவோவுக்கு அது இல்லாததால், 1060 பூட் ஆகும்போதுள்ள குறைந்த வேகத்திலேயே கிடக்கும். பிளெண்டர் ரெண்டருக்கு வேண்டிய குடாவும் (கார்டில் கணக்கிட என்விடியா தரும் வசதி) கிடையாது.

முத்து, எதையும் அழிக்காமல் டெர்மினலில் டிரைவரை ஏற்றும் 'சூடோ மோட்ப்ரோப் என்விடியா' கொடுத்து, என்ன வருகிறது என்று அப்படியே போடுங்கள்.

முத்து3டி
"கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்."

பூட்லாக்
டிரைவர் கெடவில்லை. பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் பழைய அமைப்புக்குப் போய் கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கும். டிகேஎம்எஸ் கருவி உங்கள் கர்னலுக்கேற்ற டிரைவர் மாட்யூலைக் கட்டிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது, ஆனால் அந்தச் சாவி உங்கள் கணினியில் பதிவாகவில்லை. அதனால் கர்னல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நூறு முறை திரும்பப் போட்டாலும் இதேதான்.

'சூடோ மோகுடில் --இம்போர்ட் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/மோக்.பப்' கொடுங்கள். ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், நினைவில் வையுங்கள். ரீபூட் ஆனதும் ஒரு நீலத்திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி சாவியைப் பதியும் 'என்ரோல் மோக்' போக வேண்டும். பலரும் தவறவிடுவது அங்கேதான்.

கட்டற்றவன்
செக்யூர் பூட்டை அணைத்தாலே போதுமே. அது கிடக்கட்டும், நான் சொல்வது வேறு. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் மாட்யூலைத் திறந்துவிட்டது, ஆனால் டூரிங் தலைமுறைக்கு முந்திய கார்டுகளுக்கு அதில் இடமில்லை. 1060-க்கு டிரைவரின் 580 வரிசையே கடைசி. நாளைக்கு ஒரு புதுக் கர்னலில் மாட்யூல் கட்ட முடியாமல் போனால், நிரல் கையில் இல்லாமல் யார் திருத்துவது? நன்றாக ஓடும் கார்டைக் குப்பையில் போடச் சொல்வதா?

பூட்லாக்
அதில் எனக்கு மறுப்பே இல்லை, அண்ணா. எனக்கும் வலிக்கிறது. அடுத்த கார்டு வாங்கும்போது ஏஎம்டியோ இன்டெலோ பாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன், டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் டெபியன் 12-இன் வழக்கமான கர்னல் 6.1-ஐ விட்டு நகராது, நீண்டகால ஆதரவு (எல்டிஎஸ்) 2028 ஜூன் வரை உண்டு. கொள்கைக்காக இவருடைய வெள்ளிக்கிழமை வேலையைக் கெடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செக்யூர் பூட்டை அணைத்தாலும் சரியாகும்தான். ஆனால் ஒரே கட்டளையில் சாவியைப் பதிய முடியும்போது, இருக்கிற பூட்டை ஏன் கழற்றணும்?

முத்து3டி
முதல் தடவை நீலத்திரை வந்து போய்விட்டது, நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். மறுபடி இம்போர்ட் செய்து, கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தேன். இப்போது 1920×1080. பிளெண்டரில் கார்டு வந்துவிட்டது, ரெண்டர் ஓடுகிறது. இருவருக்கும் நன்றி.

கட்டற்றவன்
நல்லது, முடியட்டும். அடுத்த கார்டு வாங்கும் முன் இங்கே ஒரு வார்த்தை கேளுங்க தம்பி.