உயில், டிரஸ்ட் எழுத வழக்கறிஞரைத் தேடிய அனுபவங்கள்: ஓய்வை நெருங்குபவர்களுக்காக

பிரீமான்ட், கலிபோர்னியா

பணி ஓய்வு நெருங்குவதால் நானும் என் மனைவியும் உயில், டிரஸ்ட் (சொத்தை ஓர் ஏற்பாட்டின் பெயருக்கு மாற்றி, நாம் குறிப்பிடுபவர் நடத்தும்படி வைப்பது) முதலியவற்றை எழுதித் தர ஒரு வழக்கறிஞரைத் தேடினோம். இங்கே பலரும் இதே நிலையில் இருப்பீர்கள் என்பதால், நாங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் சொந்த வீடு உள்ள தம்பதியர் உயிலோடு நிறுத்திக்கொண்டால், இருவரில் பின்னவரும் காலமான பிறகு வீடு பெரும்பாலும் புரோபேட் என்னும் நீதிமன்ற நடைமுறைக்குள் போய்விடும்; வீட்டை டிரஸ்டின் பெயருக்கு மாற்றியிருந்தால் அதைத் தவிர்க்கலாம். புரோபேட்டுக்கான வழக்கறிஞர் கட்டணத்துக்கு மாநிலச் சட்டமே உச்ச அளவு வகுத்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 2 சதவீதம். ஆக, 10 லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர் ஆகிறது. உயிலை நிறைவேற்றுபவர் கேட்டால் அவருக்கும் அதே தொகை உண்டு. வீட்டின் மேல் பாதிக்கு மேல் கடன் நின்றாலும் கணக்கு முழு மதிப்பின் மீதுதான். நாங்கள் பார்த்த எல்லா வழக்கறிஞர்களும் இந்தக் கணக்கில்தான் பேச்சைத் தொடங்கினார்கள். அது சரியான கணக்குதான். ஆளைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கவும் அதுவே உதவுகிறது.

முதலில் பார்த்தவர் ஓர் உணவகத்தில் இலவச விருந்தோடு கூட்டம் நடத்தியவர். அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். என் மனைவி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வைத்திருப்பவர்; இங்கே இறந்தவரின் சொத்துக்கு விதிக்கும் எஸ்டேட் வரியில் கணவன் மனைவிக்குள் சொத்து போகும்போது கிடைக்கும் வரம்பற்ற விலக்கு, பெறுபவர் குடிமக்களாக இல்லாவிட்டால் தானாகக் கிடைப்பதில்லை. 2026இல் பொது விலக்கு வரம்பு ஒருவருக்கு 1.5 கோடி டாலர் என்பதால் அந்த வரி எங்கள் பக்கம்கூட வரப்போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பதியர் எந்த நாட்டுக் குடிமக்கள் என்றுகூடக் கேளாமல் ஒருவரால் எப்படி ஆவணம் எழுத முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பிறகு சந்தித்த அம்மையார் தனியாகத் தொழில் நடத்துபவர். கலிபோர்னியா மாநில வழக்கறிஞர் மன்றம் இந்தத் துறைக்கென அளிக்கும் சிறப்புச் சான்று பெற்றவர். மன்றத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் இந்தச் சான்றும், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்தால் அதுவும் தெரியும். சந்திப்புக்கு முன்பே வீட்டுப் பத்திரத்தின் நகலையும் எங்கள் 401 கே என்னும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கின் பயனாளி விவரத்தையும் அனுப்பச் சொன்னார். மனைவியின் பெயருக்குக் கீழே, இரண்டாம் நிலைப் பயனாளி என்ற கட்டம் காலியாக இருந்தது. அதைப் பென்சிலால் சுழித்துவிட்டு, “நான் எழுதும் உயில் இந்தக் கணக்கைக் கட்டுப்படுத்தாது, இந்தத் தாள்தான் கட்டுப்படுத்தும்” என்றார்.

அடுத்து, ஊரில் சொத்து உண்டா என்று கேட்டார். கும்பகோணத்தில் பூர்வீக வீட்டில் எனக்கு ஒரு பங்கும், அதற்கென அங்கேயே எழுதிய உயிலும் இருப்பதைச் சொன்னேன். வழக்கமாக இங்கே எழுதும் உயில், “இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்” என்றுதான் தொடங்கும். அதை அப்படியே விட்டால் கும்பகோணத்து உயில் செல்லாமல் போகக்கூடும் என்பதால், இந்தியச் சொத்துக்கான உயிலை இது தொடாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தார். இந்தியச் சட்டத்தைப் பற்றித் தாம் எதுவும் சொல்ல முடியாது, அதை அங்குள்ள வழக்கறிஞரிடமே கேளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். தமக்குத் தெரியாத எல்லையை அவரே சொன்னதால்தான் வேறு யாரையும் தேடாமல் அவரையே அமர்த்தினோம்.

பிளேனோ, டெக்சஸ்

கலிபோர்னியாக் கணக்கைப் பார்த்து மற்ற மாநிலத்தவர் பதற வேண்டாம். டெக்சஸில் சட்டம் வகுத்த சதவீதக் கட்டணம் வழக்கறிஞருக்குக் கிடையாது. உயில் முறையாக இருந்தால், நீதிமன்றத்தின் தொடர் மேற்பார்வை இல்லாமலே நிறைவேற்றுநர் பெரும்பாலான வேலைகளை முடித்துவிடலாம். நான் டிரஸ்ட் வேண்டும் என்று கேட்டுத்தான் போனேன். அந்த வழக்கறிஞர் எங்கள் சொத்துப் பட்டியலைப் படித்துவிட்டு, “உங்களுக்கு உயிலும், மருத்துவத்துக்கும் பணத்துக்குமான அதிகாரப் பத்திரங்களும் போதும்” என்றார். எங்கள் காலத்துக்குப் பின் வீடு நேராகப் பிள்ளைகளுக்குப் போகும்படி பதிந்து வைக்கும் வசதியும் இங்கே 2015 முதல் இருக்கிறது. பெரிய கட்டணத்தை அவரே வேண்டாமென்று சொன்ன பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

சான் ஹோசே, கலிபோர்னியா

பிரீமான்ட் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் கணவரின் பெற்றோர் இங்கே ஒரு வழக்கறிஞரிடம் டிரஸ்ட் எழுதினார்கள். தோல் உறை போட்ட தடித்த கோப்பு, பொன்னிற எழுத்துகள் எல்லாம் இருந்தன. மாமனாரும் மாமியாரும் காலமான பிறகு பார்த்தால், டிரஸ்டின் சொத்து அட்டவணையில் வீட்டு முகவரி இருந்தது. கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பதிவேட்டிலோ வீடு அவர்கள் பெயரிலேயே இருந்தது. பத்திரத்தை டிரஸ்டின் பெயருக்கு மாற்றிப் பதிவது யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. 1993ஆம் ஆண்டின் ஹெக்ஸ்டாட் வழக்குத் தீர்ப்பை ஒட்டி, அட்டவணையையே ஆதாரமாகக் காட்டி நீதிமன்றத்தில் மனு போட்டு வீட்டை டிரஸ்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. நீதிமன்றத்தைத் தவிர்க்கத்தான் டிரஸ்டே எழுதினார்கள்!

ஆகவே எங்களுக்கென வழக்கறிஞரைப் பார்த்தபோது, மற்ற எதற்கும் முன்னால், பத்திரம் பதிவது கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேட்டேன். “அதை நீங்களே செய்துகொள்ளலாம், எளிதுதான்” என்று சொன்னவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். எங்களுக்குப் பின் டிரஸ்டை நடத்த மதுரையில் இருக்கும் என் தம்பியின் பெயரைப் போடலாம் என்று நினைக்கிறோம். உங்கள் வழக்கறிஞர் இதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

பிரீமான்ட், கலிபோர்னியா

சொன்னார், அம்மா. நாங்களும் சென்னையிலுள்ள என் அண்ணன் பெயரைத்தான் முதலில் சொன்னோம். டிரஸ்டின் முக்கிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகவோ இல்லாத ஒருவரிடம் போனால், அது வெளிநாட்டு டிரஸ்டாகக் கருதப்பட்டு, வரியும் படிவங்களும் வேறு வகையாகிவிடும் என்று விளக்கினார். அண்ணன் வருத்தப்படுவாரோ என்று தயங்கினேன். “கும்பகோணத்து வேலைக்கு என்னை வைத்துக்கொள், அமெரிக்க வேலைக்கு உன் பெண்ணை வைத்துக்கொள்” என்று அவரே தீர்த்துவிட்டார். மூத்த மகளைப் போட்டோம். அவளால் முடியாதபோது பொறுப்பேற்க, இங்கே வசிக்கும் என் மைத்துனர். வீட்டுப் பத்திரத்தை அம்மையாரே அலமேடா கவுண்டியில் பதிந்து, பதிவு எண்ணோடு நகலை அனுப்பினார். தம்பியின் பெயரை எழுதுவதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.