மறுமொழி: சுயுக், பொஸ்ஸாம் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். சுயுக், பொஸ்ஸாம் என்ற இரண்டு கொரிய உணவுகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் ஒருவர் கேட்டிருந்தார்:

> இரண்டுக்குமே 'அவித்த பன்றிக்கறி' என்று போட்டுவிடலாமே?

எனக்கு உடன்பாடில்லை. சுயுக் என்பது நீரில் வேகவைத்து எடுத்துத் துண்டு போட்ட இறைச்சி, மாட்டிறைச்சியிலும் செய்வார்கள். பொஸ்ஸாம் என்பது அப்படி வேகவைத்த பன்றி இறைச்சியோடு கிம்ச்சி (உப்பும் மிளகாயும் சேர்த்து ஊறவைக்கும் கோஸ், முள்ளங்கி போன்ற காய்), பூண்டு, பச்சை மிளகாய், உப்பிட்ட இறால் எல்லாம் பரப்பி, இலையில் பொதிந்து வாயில் போட்டுக்கொள்ளும் முழுச் சாப்பாடு. ஒன்று பண்டம், மற்றது பரிமாறும் முறை. அப்புறம் 'அவித்த' என்பதே சிக்கல். நாம் முட்டையையும் அவிக்கிறோம், இட்லியையும் அவிக்கிறோம். சமையல் குறிப்பைப் படிப்பவர் இட்லிப் பானையை எடுத்துவிட்டால் குற்றம் அவர்மேல் இல்லை.

சுயுக்கின் செய்முறையைப் பார்த்தால் சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பது தெளிவாகும். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக உள்ள வயிற்றுப் பகுதி, இல்லையென்றால் கழுத்துப் பகுதி, ஒரு கிலோ அளவில் முழுத் துண்டாக. நீரில் தோன்ஜாங் என்னும் சோயா விழுது ஒரு கரண்டி கரைத்து, இஞ்சி, பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாள், மிளகு, பிரிஞ்சி இலை போடுவார்கள். வாடை போகச் சிலர் சோஜு என்னும் கொரிய மதுவை ஊற்றுவார்கள், சிலர் உடனடிக் காப்பித்தூள் ஒரு கரண்டி சேர்ப்பார்கள். இறைச்சிக்கு நிறமும் வரும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம். குச்சியால் குத்தினால் தெளிந்த நீர் வர வேண்டும். சற்று ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் பிய்ந்துபோகும். வெந்த நீர் இங்கே ரசமும் இல்லை, குழம்பும் இல்லை, கொட்டிவிடுவதுதான் வழக்கம். அதனால் போன வாரம் வந்த 'பன்றிச்சாறு' என்ற பரிந்துரை பொருந்தாது.

என் பரிந்துரை: சுயுக்குக்கு வேவை. புதிதாகப் புனைந்ததல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு இட்ட விருந்தில் 'பராஅரை வேவை' வருகிறது. பருத்த தொடை இறைச்சியை வேகவைத்தது. அடுத்த அடியிலேயே இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி தனியாக வருகிறது. வெந்தது வேறு, சுட்டது வேறு என்ற பிரிவு அங்கேயே இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். அது ஆட்டிறைச்சி என்று யாராவது சொல்வீர்கள். சரி, பன்றி வேவை, மாட்டு வேவை என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். 'புழுக்கு' என்பதையும் யோசித்தேன். இன்றைய காதுக்கு அது கிழங்கையும் வியர்வையையும்தான் நினைவூட்டுகிறது.

பொஸ்ஸாமை அப்படியே எழுதுவோம். ஒரு நாட்டின் உணவுப் பெயரை மாற்றினால் உணவகத்தில் கேட்டு வாங்க முடியாது. விளக்கம் தர வேண்டிய இடத்தில் மட்டும் 'வேவைப் பொதி'. 'போசம்' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். முதலெழுத்து பகரமாக ஒலிப்பதில் தவறில்லை. கொரிய மொழியிலும் சொல்லின் முதலில் அந்த மெய் நம் பகரம் போலவே அதிராமல்தான் ஒலிக்கும்.

'சிம்மர்' பற்றி: வீட்டில் 'சிம்மில் வை' என்கிறோம். அது அடுப்பின் நிலை. நீரின் நிலைக்குச் சிறுகொதி என்று வைக்கலாம். சுயுக்கில் இது முக்கியம், நெடுக தளதளவென்று கொதிக்கவிட்டால் சதை இறுகி வறண்டுவிடும்.

தொட்டுக்கொள்ளும் உப்பிட்ட இறாலான செயுஜோத்துக்கு 'இறால் ஊறுகாய்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த இறால் நம் கடற்கரையில் கூனி என்று விற்கும் பொடி இறால் இனத்தைச் சேர்ந்தது. எண்ணெயோ மிளகாயோ இல்லாமல் உப்பில் மட்டும் நொதிக்கவிடுவது. 'உப்புக்கூனி' என்றால் மீனவர் வீட்டிலும் புரியும்.

மிச்சம் இருப்பது புளிக்காத கிம்ச்சிக்கு ஒரு சொல். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் குளிர்காலத்துக்காக ஊர்கூடிக் கிம்ச்சி போடுவதைக் கிம்ஜாங் என்பார்கள். 2013இல் யுனெஸ்கோ அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது இதைத்தான். வேலை செய்தவர்களுக்கு அன்றைக்குச் சுயுக் வெந்துகொண்டிருக்கும். உப்பில் ஊறிய கோஸின் மஞ்சள் உள்ளிலையில், அப்போதுதான் பிசைந்த முள்ளங்கி மசாலாவை வைத்து இறைச்சியோடு தின்பார்கள். புளிப்பு ஏறியிருக்காது. புளிக்கும் முன்பே தின்னும் கிம்ச்சிக்குக் கொரியர்கள் கோத்ஜொரி என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். 'பச்சைக் கிம்ச்சி' என்றால் நிறத்தைச் சொல்வதாகிவிடும், 'புதுக்கிம்ச்சி' எனக்குச் சற்றுத் தட்டையாகப் படுகிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். வேவை, சிறுகொதி, உப்புக்கூனி மூன்றுக்கும் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.