நாஸாவ் பந்தயத்தில் பிரஸ்: 25 டாலர் தரணுமா, 10 டாலரா?

ஜெர்சி கத்துக்குட்டி:
நியூஜெர்சியில் இருக்கிறேன், கோல்ஃப் பிடித்து ஒரு வருஷம்தான். சனிக்கிழமை அலுவலக நண்பர் ஒருவருடன் முதல்முறையாகப் பந்தயம் கட்டி ஆடினேன். 5 டாலர் நாஸாவ் (முன் ஒன்பது ஹோல், பின் ஒன்பது, மொத்தம் 18 என மூன்று பந்தயம், ஒவ்வொன்றும் 5 டாலர்), மேட்ச் பிளே (ஹோல் ஹோலாக யார் ஜெயித்தார் என்பதுதான் கணக்கு). எந்த ஒன்பதிலும் ஒருவர் இரண்டு ஹோல் பின்தங்கினால் தானாகவே பிரஸ் விழும் என்று பேசிக்கொண்டோம்.

முன் ஒன்பதில் 4 ஹோல் முடிந்தபோது நான் இரண்டு பின்தங்கியிருந்தேன். பிறகு 7-வதை மட்டும் ஜெயித்தேன், மற்றவை சமம். பின் ஒன்பதில் 10, 11 இரண்டும் போச்சு. அப்புறம் ஆளுக்கு ஒரு ஹோல், மீதி சமம். நண்பர் 25 டாலர் கேட்கிறார். பிரஸ் விழுந்தால் பந்தயம் இரட்டிப்பாம்: முன் ஒன்பதுக்கு 10, பின் ஒன்பதுக்கு 10, மொத்தத்துக்கு 5. சரிதானா?

மூணுபட் மன்னன்:
இல்லை தம்பி. பிரஸ் தனிப் பந்தயம். பழையது அப்படியே ஓடும். அதே தொகைக்கு, அடுத்த ஹோலிலிருந்து அந்த ஒன்பது முடியும்வரை, சமநிலையில் புதிதாக ஒன்று தொடங்கும். உங்கள் கணக்கு:

முன் ஒன்பது: ஒரு ஹோல் வித்தியாசத்தில் தோல்வி, −5
5–9 பிரஸ்: ஒரு ஹோல் வித்தியாசத்தில் வெற்றி, +5
பின் ஒன்பது: இரண்டு ஹோல் வித்தியாசத்தில் தோல்வி, −5
12–18 பிரஸ்: சமம், 0
மொத்தம் 18: மூன்று ஹோல் வித்தியாசத்தில் தோல்வி, −5

10 டாலர் கொடுங்கள், போதும். (நாஸாவ் என்றதும் பஹாமாஸ் என்று நினைப்பார்கள். உங்கள் பக்கத்து லாங் ஐலண்டில், கிளென் கோவ் என்ற ஊரில் உள்ள கோல்ஃப் கிளப்பின் பேர் அது.)

பங்கர்வாசி:
ஹேண்டிகேப் (ஆட்டத் திறனுக்கேற்ற சலுகை அடிகள்) கழித்தீர்களா?

ஜெர்சி கத்துக்குட்டி:
எனக்கு 24, அவருக்கு 16. வித்தியாசம் 8 என்பதால் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (கார்டில் ஹோல்களுக்குத் தரும் சலுகை வரிசை எண்) 1 முதல் 8 வரையுள்ள ஹோல்களில் எனக்கு ஒரு அடி சலுகை. இப்போதுதான் கார்டைப் பார்த்தேன்: 13-வது ஹோல் இண்டெக்ஸ் 4. இருவரும் 5 அடித்தோம், சமம் என்று எழுதிவிட்டோம். அது எனக்கு வந்திருக்க வேண்டியது! அப்படியானால் 12–18 பிரஸும் என் பக்கம், 5 டாலர்தானே?

பங்கர்வாசி:
ஆசை நல்லதுதான், ஆனால் நேரம் கடந்துவிட்டது. சலுகை அடியை மறந்து ஒரு ஹோல் முடிவை ஒப்புக்கொண்டால், இருவரில் ஒருவர் அடுத்த டீயில் (ஹோல் தொடங்கும் இடத்தில்) அடிப்பதற்குள் திருத்த வேண்டும். 14-ல் அடித்தாகிவிட்டது, 13 சமம்தான். 10 கொடுத்துவிடுங்கள். இனிமேல் சலுகை ஹோல்களில் முன்கூட்டியே கார்டில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்சி கத்துக்குட்டி:
கொடுத்துவிட்டேன். இந்த இழையைக் காட்டியதும் நண்பர் முனகிக்கொண்டே 25-ஐ விட்டார். வருகிற சனிக்கிழமை நாலு பேர். எந்த ஆட்ட முறை சுலபம்?

மூணுபட் மன்னன்:
ஸ்டேபிள்ஃபோர்டு. சலுகை அடி கழித்தபின் போகிக்கு (பாரைவிட ஒரு அடி கூடுதல்) 1, பாருக்கு (ஹோலுக்குக் குறித்த அடி எண்ணிக்கை) 2, பர்டிக்கு (ஒரு அடி குறைவு) 3 புள்ளி. போகியைவிட மோசமென்றால் பூஜ்யம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற டாக்டர் உருவாக்கிய முறை. 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் முதல் போட்டி நடந்தது. ஒரு ஹோலில் 9 அடிக்கும் நம் போன்றவர்களுக்கு அந்த டாக்டர்தான் மருந்து.

ஸ்கின்ஸ் (ஒவ்வொரு ஹோலுக்கும் தனிப் பணம், தனியாக ஜெயிப்பவருக்கு) என்று யாராவது கிளப்பினால், சமமான ஹோல்களின் பணம் அடுத்ததற்குச் சேர்ந்துகொண்டே போகும். 18-வதும் சமமானால் என்ன செய்வது என்பதை முதல் டீயிலேயே பேசிவிடுங்கள்.