ஆக்சிடென்ட்ட பாத்ததுலேர்ந்து அதே காட்சி திரும்பத் திரும்ப வருது, ஏன்?

கேள்வி:
போன மாசம் நைட்டு பைபாஸ்ல எனக்கு முன்னாடி போன பைக்க லாரி தட்டிருச்சு. ஓட்டுனவரு பொழச்சுட்டாரு, கால்ல அடி. ஆனா ரோட்டுல உருண்டு வந்த ஹெல்மெட்டும் விட்டு விட்டு எரிஞ்ச இண்டிகேட்டரும் எனக்கு இன்னும் கண்ணு முன்னாடி வருது, நானா நெனைக்கல, பாத்திரம் கழுவும்போது, டீக்கடைல நிக்கும்போது தானா வருது. லாரி என்ன கலருன்னு கேட்டா சுத்தமா ஞாபகம் இல்ல. வீட்ல பயந்த கோளாறுன்னு கயிறு மந்திரிச்சு கட்டிவிட்டாங்க. எனக்கு அடியே படல, அப்புறம் ஏன் இப்படி?

பதில் 1:
தம்பி, நேர்ல பாத்தவங்களுக்கும் இது வரும், அடி பட்டிருக்கணும்னு இல்ல. பயத்துல கவனம் குறுகிப் போயிரும், எது ஆபத்தோ அதுலயே ஒட்டிக்கும், அதனால ஹெல்மெட் அழுத்தமா பதிஞ்சிருக்கு, லாரி கலரு பதியல. எப்போ, எங்க, அப்புறம் என்ன ஆச்சுங்கற வரிசையோட சேராம அந்தத் துண்டு மட்டும் தனியா நிக்குது, அதான் வரும்போதெல்லாம் இப்பவே நடக்குற மாதிரி இருக்கு.
வருதேன்னு அழுத்தித் தள்ளாதீங்க. 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு உளவியலாளர் வெள்ளக் கரடிய நெனைக்காதீங்கன்னு மாணவர்கள்ட்ட சொல்லிப் பாத்தாரு, அவங்களால முடியல, அப்புறம் நெனைக்கலாம்னு விட்டதும் இன்னும் அதிகமா வந்துச்சு.

பதில் 2:
ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சில சாலை விபத்துல சிக்குனவங்க 71 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2017ல வெளியாச்சு. பாதிப்பேர விபத்து நடந்த 6 மணி நேரத்துக்குள்ள அத லேசா நெனச்சுப் பாக்கச் சொல்லி மேலேர்ந்து விழற கட்டங்கள திருப்பித் திருப்பி அடுக்குற டெட்ரிஸ் கேம் ஆட வெச்சாங்க, அடுத்த ஒரு வாரத்துல அவங்களுக்கு இந்த மாதிரி காட்சி வர்றது நல்லா கொறைஞ்சிருந்துச்சு. கண்ணு சம்பந்தப்பட்ட வேலை மனசுல ஓடுனா அந்தப் படம் பதியற எடத்துக்குப் போட்டி வந்துருதுங்கறதுதான் அவங்க யோசனை. சொந்தக்காரங்க வந்து என்ன நடந்துச்சு சொல்லு சொல்லுன்னு நோண்டுனா பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, உங்களுக்கா தோணும்போது பேசுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஹாரன் கேட்டாலே தூக்கிப் போடுது, அதுவும் இதானா?

பதில் 1:
ஆமா தம்பி. பதட்டம் இருக்கறவரைக்கும் கவனம் ஆபத்தையே தேடிட்டு இருக்கும், அதனால சாதாரண ஹாரன் கூட அந்தக் காட்சிய இழுத்துட்டு வருது, காட்சி வந்தா திரும்ப பதட்டம். அந்த நேரத்துல அன்னைக்கும் இப்பவும் என்ன வித்தியாசம்னு தேடிப் பாருங்க, அது நைட்டு இது பகலு, அது பைபாஸ் இது நம்ம தெரு, அந்த அண்ணன் உயிரோட இருக்காரு. ஒரு மாசம் தாண்டியும் கொறையல, தூக்கம் கெடுது, அந்த ரோட்டுப் பக்கமே போக முடியலன்னா தள்ளிப் போடாம மனநல டாக்டரப் பாருங்க, இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. மொதல்ல பேசிப் பாக்கணும்னா 14416, அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கற மனநல உதவி நம்பர், இலவசம், தமிழ்லயே பேசலாம், நடுராத்திரி கூட எடுப்பாங்க.