அம்மாவின் பி.பி. பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாவுக்கு 56 வயது. மாதவிடாய் நின்ற பிறகுதான் பி.பி. ஏற ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்துப் பார்த்தாலும் 150/95-க்குக் கீழே இறங்குவதில்லை. என்னைச் சுமந்தபோதும் அவருக்கு ரத்த அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதம் போனதாம். அப்படி இருந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எந்த டாக்டரும் இதைக் கேட்டதே இல்லை!

சில நாட்களாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, தாடை வலிக்கிறது. நெஞ்சுவலி இல்லாததால் "வாயுதான்" என்கிறார். பெண்களுக்கு இதயக் கோளாறு இப்படியும் காட்டுமே என்று பயமாக இருக்கிறது. ஈசிஜி நார்மல், ஆனால் அது ஓய்வில் எடுத்தது. நாளை காலையே இதய டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் (நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜி) தவிர வேறு என்ன கேட்க வேண்டும்? உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா?